ஞாயிற்றுக்கிழமை மாற்றிய தண்ணீர்

சென்னை கொளத்தூரில் பன்னிரண்டு கார்டினல் டெட்ரா வண்ண மீன் வாங்கி, பையை பைக்கில் மாட்டிக்கொண்டு வந்து தொட்டியில் விட்டேன். சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. மேலே நீலக்கோடு, கீழே ரத்தச் சிவப்பு. 'போர் தண்ணீர் இதுக்கு ஆகாது' என்று பலரும் சொன்னதால் ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றினேன். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்.ஓ. மெஷின் மக்கர் செய்தது. தொட்டித் தண்ணீர் பழசாகத் தெரிந்தது. சரி, ஒரு தடவைதானே என்று பாதியை எடுத்துவிட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. இருட்டுவதற்குள் ஒன்பது போய்விட்டன.

எடுத்த பழைய தண்ணீர் ஒரு பக்கெட், செடிக்கு ஊற்றலாம் என்று பால்கனியில் இருந்தது. மீன் கழிவான அமோனியா எவ்வளவு என்று கிட் வைத்து அதைச் சோதித்துப் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர், கிட்டின் இரண்டு பாட்டில்களிலிருந்தும் சொட்டுகள், ஐந்து நிமிடக் காத்திருப்பு. அமோனியா இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்க வேண்டிய நிறம் கரும்பச்சைக்குப் போனது. கிட்டோடு வரும் நிற அட்டையில் அதுதான் கடைசிக் கட்டம்: லிட்டருக்கு 8 மில்லிகிராம். பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) சோதனையும் அட்டையின் அடிமட்டத்தில் நின்றது: 6.

ஒன்பது மீன் செத்தது எனக்கு அப்போது புதிராகப் படவில்லை. இத்தனை அமோனியாவில் காலைவரை பன்னிரண்டும் எப்படி நீந்திக்கொண்டிருந்தன என்பதுதான் புதிர்.

அமோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். மின்சுமை இல்லாத அமோனியாவாக இருந்தால் செவுளின் மெல்லிய சவ்வு வழியே கேட்பாரில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். ரத்தத்தில் ஏறி நரம்புகளைத் தாக்கும். ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு அமோனியமாகிவிட்டால் அவ்வளவு சுலபமாக நுழைய முடியாது. அமிலத் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் நிறைய, அதனால் பெரும்பகுதி அமோனியமாகவே கிடக்கும். சோதனை கிட்டோ இரண்டையும் சேர்த்தே காட்டும். பி.எச். ஒன்று கூடினால் விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். 25 டிகிரி சூட்டில், பி.எச். 6-ல் 2,000-ல் ஒரு பங்குதான் விஷம். 7-ல் 200-ல் ஒன்று. 8-ல் 20-ல் ஒன்று. தண்ணீர் இன்னும் சூடாக இருந்தால் இன்னும் கூடும்.

என் தொட்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டேன். காலையில் 8 மில்லிகிராம், பி.எச். 6: விஷ வடிவம் லிட்டருக்கு 0.004 மில்லிகிராம். பாதியை எடுத்த பிறகு மிச்சம் 4 மில்லிகிராம்தான். ஆனால் போர் தண்ணீர் பி.எச்.சை 8 பக்கம் ஏற்றிவிட்டது: 0.2 மில்லிகிராம். பாதி அமோனியாவை வெளியே கொட்டியும் விஷம் ஐம்பது மடங்கு கூடியிருக்கிறது!

இவ்வளவு அமோனியா ஏன் சேர்ந்தது? மீன் சிறுநீரில் கழிப்பதைவிடச் செவுள் வழியாகத்தான் அமோனியாவை அதிகம் வெளியேற்றுகிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் வழவழவென்று ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். நைட்ரோஸ்பைரா அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். இரண்டு வேலையையும் ஒரே ஆளாக முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015-ல்தான் தெரியவந்தது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீன் வாங்கிய முதல் மாதத்திலேயே பலர் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவது இந்த வாரங்களைத் தாண்டாததால்தான்.

அமோனியாவைத் தின்னும்போது இந்த பாக்டீரியா அமிலத்தைக் கக்குகிறது. சாதாரணத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வாரத்துக்கு வாரம் பி.எச். இறங்கியது. 6-ஐ நெருங்கியதும் பாக்டீரியாவே சோர்ந்துபோனது. நானோ மீன் கேட்கிறதே என்று வேளைக்கு இரண்டு சிட்டிகை தீனி போட்டுக்கொண்டிருந்தேன். அமோனியா ஏறியது, அதே அமிலம் அதை அமோனியமாகக் கட்டி வைத்திருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டது நான்.

இன்னொரு அடியும் விழுந்திருக்க வேண்டும். கார்டினலின் ஊர் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றுப் பக்கம். பேருக்கேற்ற கறுப்பு ஆறு. கரையில் ஊறும் இலைச்சருகின் சாறு இறங்கி, பால் விடாத டீயின் நிறத்தில் ஓடும். பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். உப்போ மழைத் தண்ணீர் மாதிரி; கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் எண் 10-ஐத் தொடுவதே பெரிது. நன்னீர் மீனின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறும், உப்பு வெளியே கசியும். மீன் சிறுநீராய்க் கழித்துக்கொண்டே, செவுள் வழியாக உப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். இந்தச் சமநிலையை வேறொரு தண்ணீருக்கு மாற்ற அவகாசம் வேண்டும். டி.டி.எஸ். 30-லிருந்து 500-க்கு ஐந்து நிமிடத்தில் தள்ளினால் இப்படிப்பட்ட மீன் திணறும். (அந்த ஆற்றங்கரையில் பார்சேலோஸ் என்ற ஊரில் வண்ண மீனுக்கென்றே திருவிழா நடக்கிறது. கார்டினல் ஒரு கட்சி, டிஸ்கஸ் என்ற இன்னொரு வண்ண மீன் எதிர்க்கட்சி.)

இப்போது ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்குக்குப் போர் தண்ணீர் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலிருக்கும் பைகார்பனேட் பி.எச்.சைப் பிடித்து நிறுத்துகிறது. வாரம் பத்தில் ஒரு பங்குதான் மாற்றுகிறேன். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிகிறேன். குழாயடியில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மெட்ரோ குழாய்த் தண்ணீரை விட்டே ஆக வேண்டுமென்றால் ஆன்டி குளோரின் சில சொட்டு. வாசலில் உதிரும் வாதாங்கொட்டை இலைச் சருகு ஒன்றிரண்டையும் போட்டுவைக்கிறேன். பி.எச். இதனால் பெரிதாக இறங்கிவிடாது, ஆனால் தண்ணீர் ரியோ நெக்ரோ நிறத்துக்கு வரும்போது கார்டினலின் நீலம் தனியாகத் தெரியும்.

அப்புறம் வெளியூரிலிருந்து புதிதாக ஒன்பது கார்டினல் பார்சலில் வந்தது. மூடிய பைக்குள் ஒரு நாள் முழுக்க. இங்கேயும் அதே கதைதான். மூச்சுவிட்ட கார்பன் டை ஆக்சைடு பைத் தண்ணீரை அமிலமாக்கி, அமோனியாவை அமோனியமாக அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பி.எச். ஏறும், விஷம் விழித்துக்கொள்ளும். திறந்த பையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டுப் பழக்குவது, சற்றுமுன் கடையிலிருந்து வந்த மீனுக்குச் சரி. பார்சல் மீனுக்கு வேறு வழி: அது வருவதற்குள் தொட்டித் தண்ணீரை அனுப்புகிறவரின் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். பையைத் திறக்காமல் அரைமணி மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கினேன். வெட்டியதும் வலையில் ஊற்றி, மீனை மட்டும் சட்டென்று உள்ளே விட்டேன். பையிலிருந்த தண்ணீர் செடிக்குப் போனது.