ஈஸ்ட் தொற்று: தமிழில் எப்படிச் சொல்வது?

வேலூர்ப் பக்கம் 'வெள்ளைப்படுது டாக்டர்' என்று வரும் பெண்கள் பலர், 'உடம்புச் சூடுதான்' என்று காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். ஊர் வெயில் அப்படி! ஆனால் வெள்ளைப்படுதல் நோயின் பெயர் இல்லை, அறிகுறி. ஓரளவு வெள்ளைப்படுவது இயல்பும்கூட. எனவே ஈஸ்ட் என்ற நுண்பூஞ்சையால் பெண்ணுறுப்பில் வரும் தொற்றுக்கு அந்தச் சொல் ஒத்துவராது.

ஈஸ்ட் என்ற சொல்லின் வேர், நுரைத்துப் பொங்குவதைக் குறிக்கும். இலங்கைத் தமிழர் இதை மதுவம் என்கிறார்கள். அழகான சொல், நம் பக்கம் புழங்கவில்லை. 'நொதி' என்று எழுதினால் நம் பாடநூல் படித்தவர்கள் என்சைம் என்றே எடுத்துக்கொள்வார்கள். தொற்றை உண்டாக்கும் ஈஸ்ட்டின் பெயர் பெரும்பாலும் கேண்டிடா ஆல்பிகன்ஸ். கேண்டிடா என்றால் லத்தீனில் பளீர் வெள்ளை. பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த அங்கி அணிந்ததால்தான் 'கேண்டிடேட்' வந்தது. ஆல்பிகன்ஸ் என்றாலும் வெளுப்பதுதான். பெயரில் இரண்டு தடவை வெள்ளை! கேண்டிடா என்ற பேரினப் பெயரை 1923இல் வைத்தவர் கிறிஸ்டீன் பெர்கவுட்.

ஆகவே என் தேர்வு 'வெண்பூஞ்சைத் தொற்று'. 2021இல் கரும்பூஞ்சைப் பீதியோடு 'வெள்ளைப் பூஞ்சை'யும் செய்திகளில் அடிபட்டதால் சிலர் மிரளலாம். அப்போது அப்படிச் சொல்லப்பட்டதும் கேண்டிடாதான்; பெரும்பாலும் எளிதில் குணமாகக்கூடியது.

தயிர் திரிந்தாற்போல் திட்டுத்திட்டாகப் படுவதும் கடும் அரிப்பும் இதன் அடையாளம். மீன் வாடை அடித்தால் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார்கள். உறுதிசெய்ய, பஞ்சுக் குச்சியில் எடுத்ததைக் கண்ணாடியில் தடவி 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். உடல் செல்கள் கரைந்துபோகும், பூஞ்சையின் சுவர் கரையாது. மொட்டுவிட்ட செல்களும் நூலிழைகளும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். சிகிச்சைக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து, அல்லது ஒரே வேளை விழுங்கும் ஃப்ளூக்கனசோல் 150 மி.கி. கர்ப்பிணிகளுக்கு வாய்வழி மாத்திரையைத் தவிர்த்து, வைக்கும் மருந்தையே தருவார்கள். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்க்கவேண்டும்.

அப்புறம், இதே பூஞ்சை வாயிலும் படியும். கைக்குழந்தை நாக்கில் படிந்தால் அக்கரம் என்ற பழைய சொல் இருக்கிறது. பால் படிவு துடைத்தால் போகும். அக்கரம் துடைத்தால் லேசில் போகாது, சுரண்டினால் அடியில் சிவந்திருக்கும். பெரியவர்களுக்குக் காரணமில்லாமல் வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வார்கள்.