முயல் புழுக்கைய தினமும் பாருங்க

தண்டையார்பேட்டைல எங்களுது ஷீட் போட்ட வீடு. அக்னி நட்சத்திரத்துல ஒருநாள் காலைல கூண்ட பெருக்குறப்ப பாத்தா, எப்பவும் கொண்டக்கடலை சைஸுல உருண்டையா கெடக்குற புழுக்கை அன்னிக்கு மிளகு மாதிரி நாலஞ்சுதான், அதுவும் முடியில கோத்தாப்ல. எங்க முயல் மணி மூலைல கூனி உக்காந்து பல்ல நறநறன்னு கடிக்குது, கொத்தமல்லிய நீட்டுனா மூஞ்ச திருப்பிக்குது. "ஒருவேள பட்டினி போடு, வயிறு சரியாயிடும்"னாங்க அம்மா. மனுஷனுக்கு சரி, முயலுக்கு அதுதான் ஆபத்தே.

ஏன்னா முயல் குடல் நிக்காம ஓடணும், அத ஓட வைக்கிறது நார்தான். புல்லுல இருக்குற பெரிய நாரு புழுக்கையா வெளிய போயிடும், பொடித் துகள் மட்டும் சீக்கம்னு ஒரு பெரிய பைக்குள்ள திரும்பிப் போகும், அங்க பாக்டீரியா அத தோச மாவு மாதிரி புளிக்க வைக்கும். அதுலேந்து திராட்சக் கொத்தாட்டம் வழவழன்னு இன்னொரு வகை புழுக்கை வரும், முயல் அத நேரா வாய் வச்சு தின்னுடும். அசிங்கம்னு தடுக்காதீங்க, புரதமும் பி விட்டமினும் அதுலதான் இருக்கு.

வெயிலோ பல்வலியோ பயமோ, எதுனாலயோ தீனி நின்னா குடல் மெதுவாகும், உள்ள இருக்குறது காஞ்சு இறுகும், கேஸ் கட்டும், வலிக்கும், வலிச்சா இன்னும் திங்காது. முயலால வாந்தியும் எடுக்க முடியாது. அதனால பத்து பன்னெண்டு மணி நேரம் திங்கல, புழுக்கை போடலன்னா நாளைக்கு பாத்துக்கலாம்னு விடவே விடாதீங்க.

நாங்க ஆட்டோ புடிச்சு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். காது ஜில்லுன்னு இருந்துச்சு, துண்டுல சுத்தி நெஞ்சோட வச்சிக்கிட்டேன் (முயலுக்கு சாதாரண சூடே 38.5லேந்து 40 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும், அதுக்கு கீழ எறங்குனா மோசம்). வயித்த அமுக்கிப் பாத்து, தோலுக்கடியில சலைன் ஏத்தி, வலிக்கு ஊசி போட்டாங்க. வயிறு பலூனாட்டம் டைட்டா இருந்தா டாக்டர் பாக்குற வரைக்கும் வாயில எதையும் ஊத்தாதீங்க. வீட்ல மீந்த அமாக்சிசிலின்ங்குற ஆன்டிபயாடிக் மருந்த வாயில குடுத்தா நல்ல பாக்டீரியாவே செத்து முயலே போயிடலாம், தயவுசெஞ்சு வேணாம்.

பிஸ்கட், சோறு, தினம் கேரட் எல்லாத்தயும் நிறுத்திட்டோம். இப்ப வைக்கிறதுல முக்காலுக்கு மேல புல்லுதான், கோயில் வாசல்ல விக்கிற அருகம்புல்ல நல்லா அலசி வைக்கிறோம். மத்தியானம் ஐஸ் பாட்டில துணியில சுத்தி கூண்டு ஓரமா வைப்போம்.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு கரண்ட் இல்ல, டார்ச் அடிச்சு மொதல்ல பாத்தது அம்மாதான். ஏழு புழுக்கைன்னு எண்ணிச் சொன்னாங்க.