கண் மாத்திரையா? டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

மும்பை மாட்டுங்காவில் கண் மருத்துவம் பார்க்கும் எனக்கு டப்பா படிப்பதும் வேலையாகிவிட்டது. செம்பூர், சயான், முலுண்ட் பக்கத்து நம்மவர் வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்தால், அங்கிருந்து வரும் பெட்டியில் பாதாம் பருப்போடு கண் மாத்திரையும் ஒன்று வந்துவிடுகிறது.

அண்மையில் ஒருவர் வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். "மகள் அனுப்பியது டாக்டர், நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்" என்றபடியே டப்பாவை நீட்டினார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பீட்டா கரோட்டின் என்று இருந்தது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பொருள் அது. சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டேன். "அதை விட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று" என்றார். "அதற்கு முன்னால் ஊதித் தள்ளியதையும் சொல்லுங்கள்" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. அன்றே நிறுத்தச் சொன்னேன்.

காரணம் இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள்! அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இது மாத்திரையின் சங்கதி. கேரட் பொரியலைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்.

கண்ணுக்கு இந்த மாத்திரைகள் எப்படி வந்தன? அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் ஆய்வு 2001-இல் வெளியானது. வைட்டமின் சி, ஈ, 80 மில்லிகிராம் துத்தநாகம், சிறிது செம்பு, பீட்டா கரோட்டின் ஆகியவை சேர்ந்த கலவையை அதில் சோதித்தார்கள். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா சிதையும் நோய் இடைநிலையை எட்டியவர்களுக்கு, அது முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை அந்தக் கலவை ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்தது. போன பார்வையைத் திருப்பித் தரவில்லை. கண்புரையையும் தடுக்கவில்லை. தொடக்க நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. நம் ரயில்வேக்காரரின் விழித்திரையில் இருந்ததோ சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் சில மட்டுமே. புகையே பிடிக்காதவராக இருந்திருந்தாலும் அவருக்கு அந்த டப்பா தேவையில்லை.

2013-இல் வந்த இரண்டாம் ஏரெட்ஸில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸியாசாந்தினும் சோதிக்கப்பட்டன. மாக்குலாவின் மஞ்சள் நிறமே இவற்றால் ஆனது. உடலால் இவற்றைத் தயாரிக்க முடியாது. விளம்பரங்கள் இங்கே ஒன்றை விழுங்கிவிடுகின்றன. பழைய கலவையோடு இவற்றைச் சேர்த்ததால் ஒட்டுமொத்தமாகக் கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை. உணவில் இவை மிகக் குறைவாக இருந்தவர்களிடம் மட்டும் நன்மை தென்பட்டது. பிறகு ஏன் இன்றைய கலவையில் லூட்டின் இருக்கிறது? பீட்டா கரோட்டினின் இடத்துக்கு ஆபத்தில்லாத மாற்று என்பதால். இந்த இரண்டாம் ஆய்விலும் பீட்டா கரோட்டின் சாப்பிட்ட குழுவில் நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு. புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் புகையை விட்டவர்கள். 2022-இல் வந்த பத்தாண்டுத் தொடர்ச்சியும் இதையே காட்டியது. பழைய கலவை இன்னும் சில டப்பாக்களில் தொடர்கிறது என்பதுதான் என் ஆத்திரம்.

கம்ப்யூட்டர் வேலையால் கண் எரிகிறது என்று லூட்டின் கேட்கும் இளைஞர்களுக்கு: திரையைப் பார்க்கும்போது நீங்கள் போதுமான அளவு இமைப்பதில்லை, அவ்வளவுதான். பிள்ளையின் கண்ணாடிப் பவரும் லூட்டினால் இறங்காது.

லூட்டின் வேண்டுமானால் மாட்டுங்கா மார்க்கெட்டில் கீரைக் கட்டு வாங்குங்கள். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிட்டால் உடலில் நன்றாகச் சேரும். முட்டை சாப்பிடுபவர்கள் மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டாம்.

இடைநிலை நோய் உள்ளவர் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மாத்திரை சாப்பிடுங்கள். ஆனால் அளவைச் சரிபாருங்கள். கடையில் கிடைக்கும் பல அட்டைகளில் துத்தநாகம் ஆய்வில் கொடுத்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. கூடவே, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் கட்டம் போட்ட தாளைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ நடுவில் கறுப்பாக மறைத்தாலோ அடுத்த மாதப் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். ரத்தக் கசிவுள்ள வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. நாள் கடந்தால் அதன் பலன் குறையும்.