நாரை கூடு கட்ட வேண்டுமா? குளத்துக்குள் திட்டு போடுங்கள்

மரம் நடும் விழாக்களில் குளக்கரையோரம் புங்கையும் வேம்பும் வரிசையாக நடுகிறார்கள். நிழலுக்கு நல்லது. ஆனால் நீர்ப்பறவைகள் அங்கே கூடு கட்ட வருவது அரிது. சங்குவளை நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் போன்றவை பெரும்பாலும் தண்ணீர் சூழ்ந்த மரத்தையே தேடுகின்றன. அடியில் தண்ணீர் நின்றால் பூனையும் கீரியும் ஏறுவது கடினம், மனிதரும் நெருங்க மாட்டார்கள். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், 1994-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில் ஊருக்குள் உள்ள மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊரே காவல் இருப்பதால் வந்த நம்பிக்கை அது. மற்ற குளங்களில் தண்ணீர்தான் காவல்.

நாரை முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்த பின்தான் கூடு கட்டத் தொடங்கும் என்பதால், மார்ச், ஏப்ரல் வரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். ஆகவே குளத்தின் ஆழமான பகுதியில் மண்திட்டு போட வேண்டும். வயலுக்கு நீர் விடும் மடைக்கும், மிகுந்த நீர் வழியும் மறுகாலுக்கும் போகிற நீரை அது மறிக்கக் கூடாது. கரையிலிருந்து குறைந்தது முப்பது மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

திட்டின் தலைப்பகுதி குளம் நிறைந்து நிற்கும் மட்டத்துக்கு மேலே இரண்டடியாவது தெரிய வேண்டும். அடி அகலமாகவும் பக்கங்கள் நல்ல சரிவாகவும் அமையாவிட்டால் அலை அடித்தே மண் கரைந்துவிடும். தூர்வாரும் வண்டலை மட்டும் கொட்டினால் நனைந்ததும் வழிந்துவிடும், சரளை கலந்த செம்மண்ணும் சேர வேண்டும். கோடையில் திட்டு போட்டு, ஒரு மழைக்காலம் மண் அமுங்க விட்டு, அடுத்த செப்டம்பர் கடைசியில் நடுவதே சரி. குளத்துக்குப் பொறுப்பான நீர்வளத்துறையிடமோ ஊராட்சியிடமோ அனுமதி வாங்காமல் மண்ணில் கை வைக்கக் கூடாது.

நட வேண்டியது நாட்டுக் கருவேலம். கால் நனைந்தாலும் தாங்கும்; கிளை விரிந்து, முள்ளால் குஞ்சையும் காக்கும். விதைத்தோல் கெட்டியானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் விதையைப் போட்டு, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். உப்பிய விதைகளை மட்டும் பையில் ஊன்றலாம். ஆட்டுப்பட்டியில் கிடக்கும் விதை இன்னும் எளிது, ஆட்டின் வயிற்றிலேயே தோல் இளகியிருக்கும். ஆணிவேர் வேகமாக இறங்கும் மரம் என்பதால் பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் தரைக்குள் வேர் ஓடிய கன்றைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். இரண்டடி உயரக் கன்றை ஒன்றரை அடிக் குழியில், மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும். பையோடு நட்ட கன்று நிற்பதுபோலத் தெரிந்து கோடையில் காய்ந்துவிடும்.

அடுத்த சோதனை குளம் வற்றியதும் வரும். ஆடுகள் உள்ளே இறங்கும், கருவேலந்தழை அவற்றுக்குப் பிரியமான தீனி. உடை என்னும் முள்மரத்தின் கிளைகளை வெட்டி ஒவ்வொரு கன்றையும் சுற்றி அடைப்பதுதான் நெல்லைச் சீமையில் எளிதில் கிடைக்கும் வேலி. ஆட்டுக்காரர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசாத ஊரில் அந்த முள்ளும் நிலைக்காது. முதல் இரண்டு கோடையில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குடம் தண்ணீர் வேண்டும். நடுவதற்கு நூறு பேர் வருவார்கள், ஆனால் குடம் சுமக்கும் பத்துப் பேரை முன்கூட்டியே பேசி வைப்பதுதான் முக்கியம்.

குளத்தில் ஏற்கெனவே சீமைக்கருவேலம் இருந்தால் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். வேறு மரம் இல்லாத குளத்தில் கொக்கும் நீர்க்காகமும் அதில்தான் கூடு கட்டும். நாட்டு மரம் ஆளுயரம் தாண்டிய பிறகு பகுதி பகுதியாக, கூடு இல்லாத மாதங்களில் அகற்றலாம்.

பறவை கூடிய பின்னும் வேலை உண்டு. ஆண்டுக்கணக்கில் எச்சம் படிந்தால் இலை வெளுத்துக் கிளைகள் பட்டுப்போகும், நாரைகள் கூட்டுக்காகக் குச்சி ஒடிப்பதும் மரத்தை மெலிய வைக்கும். முதல் திட்டின் மரங்கள் செழிப்பாக நிற்கும்போதே இரண்டாவது திட்டுக்கு மண் அடிக்கத் தொடங்க வேண்டும்.