பாட்டியின் ஐஸ் பெட்டி

பினாங்கில் ஓர் அரசாங்க கிளினிக்கில் மருந்தாளுநராக இருக்கிறேன். கவுண்டருக்கு வரும் நம் வயதானவர்களுக்கு நான் 'மிஸ்ஸி', அதாவது நர்ஸ்தான். திருத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. சரி, மிஸ்ஸியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

எங்களிடம் மருந்து எடுக்கும் ஒரு பாட்டிக்கு 76 வயது. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் மகளோடு பட்டர்வொர்த் பக்கம் வந்துவிட்டார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ஒரு வருடமாக 11 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் இன்சுலின் அளவைக் கூட்டினோம். 'ஒழுங்காக ஊசி போடுவதில்லை' என்று கோப்பில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. ஒன்று என் கையெழுத்து.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முறை வந்தபோது போனேன். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்கே மூச்சு வாங்கியது. "பசியாறிட்டியாம்மா?" என்றுதான் வரவேற்றார். ஊசிகளைக் காட்டச் சொன்னேன். ஒரு மைலோ டின்னை எடுத்து வைத்தார். பயன்படுத்திய ஊசிமுனைகள், டின் நிறைய. சுவரில் நாள்காட்டி, காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு, ஒரு நாள்கூட விடவில்லை.

அப்புறம் ஐஸ் பெட்டியைத் திறந்தார். மேலே ஐஸ் கட்டி உறையும் அறையில், நெத்திலி பொட்டலத்துக்குப் பக்கத்தில், இன்சுலின் பேனாக்கள் கல்லாக இறுகிக் கிடந்தன.

"ஐஸ் பெட்டியில வைக்கச் சொன்னீங்களே மிஸ்ஸி. நல்லா குளிரட்டும்னு மேல வச்சேன்."

உறைந்த இன்சுலின் கெட்டுப்போனதுதான். உருகினாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டும். திறக்காத பேனா ஐஸ் பெட்டியின் கீழ்ப்பகுதியில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனா வெளியிலேயே, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் இருக்கலாம். பெரும்பாலான வகைகள் 4 வாரம் தாங்கும்.

எனக்குப் பயம் வந்தது வேறொன்றை நினைத்து. கெட்ட மருந்தை நம்பி வருடம் முழுக்க அளவை ஏற்றியிருக்கிறோம். அதே அளவில் நல்ல இன்சுலினைக் கொடுத்தால் சர்க்கரை சட்டென்று விழுந்து, தூக்கத்திலேயே மயங்கிப் போகலாம். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து அளவைக் குறைத்த பிறகுதான் புதுப் பேனாவைக் கொடுத்தோம்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பரம்பரை என்கிறோம், சோறு என்கிறோம், தே தாரிக் என்கிறோம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் மருத்துவத் தகவலைப் புரிந்து பயன்படுத்த மூவரில் ஒருவர் சிரமப்படுகிறார் என்பதும் அதே கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்று வருடம் படித்த பாட்டிக்கு மலாய் லேபிளை ஒட்டிக் கொடுத்தோம். சந்தையில் அவர் மலாய் பேசுவார், வாசிக்க வராது. பின்னால் நாற்பது பேர் வரிசை எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நானும் இரண்டு நிமிடம்தான் பேசியிருப்பேன். "புரிஞ்சதா பாட்டி?" என்று கேட்டிருப்பேன். தலையை ஆட்டியிருப்பார்.

அந்தக் கேள்வியை இப்போது விட்டுவிட்டேன். "எப்படிப் போடுவீங்க, காட்டுங்க. வீட்ல எங்க வைப்பீங்க, சொல்லுங்க" என்கிறேன். வீட்டில் நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். கிளினிக்குக்கு வரும்போது மருந்துப் பையை முழுசாகக் கொண்டுவாருங்கள், நிறுத்திவிட்ட மாத்திரைகள், கடையில் வாங்கிய சூரணம் உட்பட. ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவும் எடுத்து வந்தால் எனக்கு நான்கு மாடி ஏறும் வேலை மிச்சம். மாதாமாதம் தூரம் போய் மருந்து எடுக்க முடியாதவர்கள், வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் எடுக்கலாம், தபாலிலும் வாங்கலாம். கவுண்டரில் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து பாட்டியின் எச்பிஏ1சி 8.4. பேனாக்கள் இப்போது முட்டைக்குப் பக்கத்தில்.

மகளைப் பற்றிச் சொல்லவில்லை. 54 வயது, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஃபேக்டரி வேலையை விட்டவர். பாட்டியின் கோப்பில் 'உடன் இருப்பவர்: மகள்' என்பதோடு சரி. அன்று புறப்படும்போது சும்மா அவருக்கும் பிரஷர் பார்த்தேன்: 172/100. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதமாம், "அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?" என்றார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். பாட்டிக்கு மருந்து எடுக்க வந்தபோது கேட்டால், "அடுத்த வாரம் மிஸ்ஸி" என்கிறார்.