ஒப்பந்தப்புள்ளியை ஏலம் விடாதீர்கள்

‘தொழில்நுட்ப ஏலத்தில் மூன்று நிறுவனங்கள் வெற்றி’ என்று மறுபடியும் ஒரு செய்தி. டெண்டரில் வரும் ‘டெக்னிக்கல் பிட்’ என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். தொழில்நுட்பத்தை யார் ஏலம் விட்டார்கள்?

டெண்டர், ‘நீட்டுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். இந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்று எழுதி நீட்டுவது. தமிழ்நாட்டில் அது ஒப்பந்தப்புள்ளி. அதற்கென 1998-இல் வெளிப்படைத்தன்மைச் சட்டமே உண்டு. இலங்கையில் கேள்விப்பத்திரம், விலைமனு. புள்ளி எதற்கு என்பவர்கள் புள்ளிவிவரத்தை நினைத்துக்கொள்ளலாம்.

ஏலம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். அதில் எனக்குக் குறையில்லை, ஊரே பேசும் சொல்தான். ஆனால் ஏலத்தில் எல்லார் காதும் கேட்க விலை ஏறும், கூட்டிக் கேட்டவருக்குப் பொருள். டெண்டரில் பக்கத்து ஆள் போட்ட விலை தெரியாது. ஒரே முறைதான் எழுதலாம். சாலைப் பணி என்றால் குறைத்துப் போட்டவருக்கே வாய்ப்பு. அலைக்கற்றையை ஏலம் விட்டார்கள் என்பது சரி. பாலம் கட்டும் வேலையை எப்படி ஏலம் விடுவது? ஆங்கிலத்தில் ‘பிட்’ இரண்டுக்கும் பொது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் விலை கொடுத்தவர்களிடையே அப்புறம் நேரலையில் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் தலைகீழ் ஏலமும் நடப்பதுண்டு. முதல் கட்டத்தையே ஏலம் என்று எழுதியவர் அங்கே என்ன செய்வார்? ஏலத்துக்குள் ஏலமா?

ஒப்பந்தக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. இணையத்தில் பதிவேற்றினாலும் அவர்களுக்கு அது ‘டெக்னிக்கல் கவர்’, ‘பிரைஸ் கவர்’தான். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று எழுதினால் போதும். முதல் உறையில் முன்அனுபவம், ஆண்டு வரவு, ஈ.எம்.டி. (ஏர்னெஸ்ட் மணி டெபாசிட்) கட்டிய சான்று இருக்கும். தகுதி இருந்தால்தான் இரண்டாவது உறையைப் பிரிப்பார்கள். ஆகவே முதல் உறையில் தேறலாம், வெல்ல முடியாது. இந்த ஈ.எம்.டி.யை ‘ஆர்வப் பணம்’ என்று எழுதியதையும் பார்த்தாயிற்று! விலகினால் பறிபோகும் பிணைத்தொகை அது, இதில் ஆர்வம் எங்கே வந்தது?

விலை உறை திறந்த அன்றே ‘ஏலம் எடுத்தார்’ என்று எழுதுவது இன்னும் மோசம். அன்று தெரிவது எல்-1, அதாவது எல்லாரையும் விடக் குறைத்துப் போட்டவர், யார் என்பது மட்டும். பிறகு மதிப்பீடு, ஏற்புக் கடிதம், ஒப்பந்தம், பணி ஆணை. ஏற்பதற்கு முன் மொத்தமும் ரத்தாகி, மறு ஒப்பந்தப்புள்ளியும் கோரப்படலாம்.