கார் ஏசியில் வெப்பம் எங்கே தேங்குகிறது?

கோடை தொடங்கியதும் காரில் ஏசி குளிரவில்லை என்று பணிமனைக்குச் செல்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் போதும்' என்பதுதான். பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீரும் பொருளன்று அந்த வாயு. மூடிய குழாய்களுக்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்களின் வழியே மிகச் சிறிதளவு கசிவது இயல்பே என்றாலும், சென்ற கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். அதைத் தேடி அடைக்காமல் மீண்டும் மீண்டும் நிரப்புவதால் காசு மட்டும் வீணாவதில்லை. இன்றும் ஏராளமான கார்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கக் கூடியது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள கூலிங் காயிலில் சுமார் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 0 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் அது கொதித்து ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தை நம்மைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் 200 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தினால், 50 டிகிரிக்கு மேலான வெப்பநிலையிலும் அது மீண்டும் திரவமாகிவிடும். ஆகவேதான் வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரால் அந்தக் காற்றுக்கே வெப்பத்தைத் தள்ளிவிட முடிகிறது. பழுது எதுவானாலும், இந்தப் பாதையில் வெப்பம் எந்த இடத்தில் தேங்குகிறது என்று கேட்டுப் பார்ப்பதே சரியான தொடக்கம்.

நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்த கார், சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பான காற்றை வீசினால், சந்தேகம் முதலில் கண்டென்சர் மேல் விழ வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது மின்விசிறி செய்தாக வேண்டும். அது சுழலவில்லையென்றாலோ, கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே புழுதியும் பூச்சிகளும் அடைத்திருந்தாலோ வெப்பம் அங்கேயே தங்கிவிடும். கண்டென்சர் மீது தண்ணீர் ஊற்றியதும் குளிர்ச்சி கூடினால், காற்றோட்டக் குறைவு ஏறக்குறைய உறுதியாகிவிடும். இதற்கு மாறாக, முதல் அரைமணி நேரம் நன்கு குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து, ஏசியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் சரியாகிறது என்றால், கூலிங் காயிலில் பனிக்கட்டி படிந்து காற்றை மறிக்கிறது. காயிலின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சென்சார் பழுதாகியிருக்கலாம். கேபின் ஃபில்டர் அடைத்து, காயில் வழியே போகும் காற்று குறைந்திருக்கலாம். தொடக்கத்திலிருந்தே காற்று மெதுவாக வந்தால், ஃபில்டரை மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

கம்ப்ரஸரே இயங்காவிட்டால் அதையே குற்றவாளியாக்கிவிட வேண்டாம். அதன் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றுவதால், வாயு மிகவும் குறைந்தால் எண்ணெயின்றிக் கம்ப்ரஸர் தேய்ந்துவிடும். அதைத் தடுக்கவே அழுத்த சுவிட்ச், கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்சைத் துண்டித்து வைக்கிறது. இந்த சுவிட்சை மீறி வயரை நேராக இணைத்து ஓட்டிப் பார்ப்பது ஆபத்தான பழக்கம்.

வாயுவின் அளவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. இன்ஜின் நின்றிருக்கும்போது அழுத்தமானி காட்டும் எண்ணை வைத்து, வாயு போதுமா என்று சொல்லிவிட முடியாது. சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள்: உள்ளே திரவம் இருக்கும்வரை, பாதியானாலும் முழுதானாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றேதான்; மிச்சம் எவ்வளவு என்பதை எடைதான் சொல்லும். 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும். அதனால் பழைய வாயுவை முழுவதும் வெளியே வாங்கி, வாக்குவம் பம்பை அரைமணி நேரமாவது ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் நீக்கி, பானெட்டின் கீழுள்ள ஸ்டிக்கர் சொல்லும் கிராம் கணக்கில் எடைபோட்டு நிரப்புவதே முறை. 'கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நன்கு குளிரும்' என்பதும் தவறு. மிகுதியான திரவம் கண்டென்சரில் இடத்தை அடைத்துக்கொள்ள, அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையும்.

ஹீட்டரின் வேலை இதைவிட எளிது. இன்ஜினைச் சுற்றிச் சூடான கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), டேஷ்போர்டுக்குள் உள்ள ஹீட்டர் கோர் என்னும் சிறு ரேடியேட்டர் வழியே ஓடுகிறது. அதன் மேல் வீசும் காற்று சூடாகிறது. ஊட்டிக் குளிரில் நெடுநேரம் ஓட்டியும் வெப்பமானியின் முள் மேலே வரவில்லை, காற்றும் சூடாகவில்லை என்றால், இன்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கக்கூடும். முள் சரியாக இருந்தும் சூடு வரவில்லையென்றால், கூலன்ட் குறைவு, குழாயில் காற்றடைப்பு, ஹீட்டர் கோரில் அடைப்பு, அல்லது சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவு நகராமை ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்தக் கதவு சூட்டுப் பக்கம் சிக்கிக்கொண்டால், ஏசியில் எந்தக் குறையும் இல்லாமலேயே சென்னையில் வெந்நீர் ஆவி போன்ற காற்று வரும்.

கால்மிதியில் ஈரம் தெரிந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். மணமற்ற தெளிந்த நீரென்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பும் இனிப்பான வாடையும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. பின்னதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் அடுத்து சூடேறுவது இன்ஜின். மலையேற்றத்தில் முள் சிவப்பை நெருங்கினால், ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழு வேகத்தில் திறந்து, பாதுகாப்பான இடம் வரும்வரை மெதுவாகச் செல்லலாம். அந்தச் சிறு ரேடியேட்டரும் இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை இறக்கிவிடும். வண்டியை நிறுத்திய பிறகு, இன்ஜின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.